கர்ப்: தாடைச் சங்கிலியும் மாசி வீதி ஓரக்கல்லும்

கேள்வி, சுருக்கமாக: திருமங்கலத்தில் வங்கித் தேர்வுக்குப் படிக்கும் ஒரு தங்கை கேட்டிருக்கிறார். 'கர்ப்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் 'கட்டுப்படுத்து' என்று போட்டிருக்கிறது. அடுத்த வரியிலேயே 'நடைபாதை ஓரக்கல்' என்றும் இருக்கிறது. அண்ணன் வாங்கப்போகும் பைக்கின் விவரத்தாளில் 'கர்ப் வெயிட்' என்று ஒன்று. எழுத்தும் ஒரு இடத்தில் சி-யு-ஆர்-பி, இன்னொரு இடத்தில் கே-இ-ஆர்-பி. இதெல்லாம் ஒரே சொல்லா? கன்ட்ரோல், ரெஸ்ட்ரெய்ன், செக் என்று இத்தனை சொல் இருக்கும்போது இதை எங்கே போடுவது?

ஒரே சொல்தான். கட்டுப்படுத்துவதும் அதுதான், மாசி வீதியில் நாம் கால் இடறிக்கொள்ளும் ஓரக்கல்லும் அதுதான், உங்கள் அண்ணனின் பைக் எடையில் இருப்பதும் அதுதான். எல்லாவற்றுக்கும் பின்னால் 'வளைவு' என்று ஒரு பழைய பொருளும், ஒரு குதிரையும் இருக்கின்றன. அந்தக் குதிரையைப் பார்த்துவிட்டால் சொல்லை எங்கே போடலாம், எங்கே கூடாது என்பது முக்கால்வாசி விளங்கிவிடும். அதனால் அங்கிருந்து தொடங்குகிறேன். கொஞ்சம் நீளும். தேர்வு நாளைக்கே என்றால், நடுவில் இலக்கணம் பற்றி வருவதை மட்டும் படித்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் உச்சரிப்பு. 'கர்ப்' என்று தமிழில் எழுதினால் கர்ப்பத்தைப் பாதியில் விட்ட மாதிரி இருக்கும். என்ன செய்வது, நம் எழுத்தில் அவ்வளவுதான் முடியும். கடைசி எழுத்தை 'கப்பல்' என்பதில் வருகிற மாதிரி அழுத்தாமல், 'அம்பு' என்று சொல்லும்போது பு எப்படி மெதுவாக ஒலிக்கிறதோ அப்படிச் சொல்லி நிறுத்துங்கள்.

லத்தீனில் 'குர்வுஸ்' என்றால் வளைந்தது. கணக்கில் நாம் படிக்கும் 'கர்வ்' அதன் நேர்ப் பேத்தி. அதே வேர் பழைய பிரெஞ்சு வழியாகச் சுற்றிவந்து 'கர்ப்' ஆனது. 2020-இல் ஆங்கிலச் செய்திகளில் தொற்றின் 'கர்வை'த் தட்டையாக்கு, பரவலைக் 'கர்ப்' செய் என்று இரண்டும் ஒரே பத்தியில் வந்துகொண்டிருந்தன. எழுதியவர்களில் எத்தனை பேருக்கு அவை அக்கா தங்கச்சி என்று தெரிந்திருக்குமோ! கூடவே வந்த 'கர்ஃப்யூ' மட்டும் இந்த வீட்டுப் பிள்ளை இல்லை. அது இரவில் அடுப்பு நெருப்பை மூடு என்று பொருள்படும் பிரெஞ்சுத் தொடரிலிருந்து வந்தது. ஆங்கிலக்காரன் நெருப்பை மூடச் சொன்னதை நாம் 'ஊரடங்கு' என்று வைத்தோமே, அழகான சொல். அந்த 'அடங்கு' பற்றிப் பின்னால் வருகிறேன்.

15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் 'கர்ப்' ஆங்கிலத்தில் தென்படுகிறது. குதிரையின் கீழ்த்தாடைக்கு அடியில் வளைந்து போகும் வாருக்கு அப்போது அது பெயர். பிறகு வார் இருந்த இடத்தில் சங்கிலி வந்தது. இதன் வேலை எப்படி என்றால், குதிரையின் வாய்க்குள் ஒரு இரும்புத் துண்டு இருக்கும். அதன் இரு முனையிலும் கீழ்நோக்கித் தொங்கும் இரண்டு கம்பிகள். ஓட்டுபவர் பிடிக்கும் வார் அந்தக் கம்பிகளின் அடிமுனையில் கட்டியிருக்கும். வாரை இழுத்தால் கம்பி நெம்புகோல் மாதிரி திரும்பும், உள்ளே இரும்பு அழுந்தும், தாடைக்கு அடியில் சங்கிலி இறுகும். இரண்டுக்கும் நடுவே தாடை மாட்டிக்கொள்ளும். விரலால் லேசாக இழுத்தாலே குதிரைக்குப் பலமாகத் தெரியும். வாரைத் தளர்த்தினால் சங்கிலியும் உடனே தளர்ந்து தொங்கும். பூட்டு மாதிரி மாட்டிவிட்டுப் போகிற சாமான் இல்லை இது. ஒருவர் கையில் வார் இருக்க வேண்டும்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே ஜட்கா வண்டிகள் நிற்கும். எங்கள் சந்தில் ஒரு பாய் வண்டி வைத்திருந்தார். கடிவாளம் என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. லகான் என்பார், பாரசீகத்திலிருந்து உருது வழியாக நம் ஊருக்கு வந்த சொல். வண்டியை நிறுத்த வேண்டுமென்றால் நாக்கை மடித்து ஒரு சத்தம் கொடுப்பார், குதிரை நின்றுவிடும். லகானை இழுப்பது டவுன்ஹால் ரோட்டுக் கூட்டத்துக்குள் நுழையும்போது. வண்டி ஓடிக்கொண்டே இருக்கும், வேகம் மட்டும் குறையும். அந்த வயதில் இதைக் கவனித்தேனே தவிர, ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு இது உரை என்று தெரிய முப்பது வருடம் ஆனது.

நான் சொல்ல வருவது இதுதான்: ஓட வேண்டிய ஒன்றைத்தான் 'கர்ப்' செய்ய முடியும். குதிரை நின்றுவிட வேண்டும் என்று நினைப்பவன் அதற்குத் தாடைச் சங்கிலி மாட்டமாட்டான், லாயத்தில் கட்டிப்போடுவான். செலவு, ஆசை, கோபம், பசி, விலைவாசி எல்லாம் ஓடுகிற குதிரைகள். அவை அறவே இல்லாமல் போக முடியாது, சிலவற்றில் போகவும் கூடாது. அவற்றின் வேகத்தை ஒரு அளவுக்குள் வைப்பதுதான் இந்த வினைச்சொல்லின் வேலை.

இதைத் தெரியாமல் நான் ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டேன். பல வருடம் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். பெயர் வேண்டாம். ஒரு தீபாவளிக்கு முன் ஆங்கிலச் செய்தி ஒன்று வந்தது, பட்டாசுக்கு 'கர்ப்ஸ்' என்று. நேரம் நள்ளிரவு. நான் 'பட்டாசுக்குத் தடை' என்று தலைப்புக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். சிவகாசி நமக்கு எவ்வளவு தூரம் என்று உங்களுக்குத் தெரியும். காலையிலிருந்து தொலைபேசி ஓயவில்லை. கடைக்காரர்கள், மொத்த வியாபாரிகள், சீட்டுப் பிடித்துப் பட்டாசுக்குப் பணம் கட்டியிருந்த வீட்டுப் பெண்கள். விஷயம் என்னவென்றால் பட்டாசை யாரும் அறவே தடை செய்துவிடவில்லை. முக்கியமாக வெடிக்கும் நேரத்தைக் குறைத்திருந்தார்கள். 2018-இல் உச்ச நீதிமன்றம் விதித்த இரண்டு மணி நேர வரம்பு அது. தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று அரசு பிரித்துக் கொடுத்தது நினைவிருக்கும். 'பட்டாசு வெடிக்கக் கட்டுப்பாடு' என்று எழுதியிருக்க வேண்டும். மறுநாள் திருத்தம் போட்டோம். ஆசிரியர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அதிகம் உறைத்தது.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். ஆங்கிலத்தில் 'பேன்' என்று வந்தால் தடை. 'கர்ப்ஸ்' என்று பன்மையில் வந்தால் கட்டுப்பாடுகள். பேச்சில் 'கெடுபிடி' என்று ஒரு சொல் உண்டே, அது பல இடத்தில் இதைவிடப் பொருத்தமாக உட்காரும், ஆனால் அதில் கொஞ்சம் சலிப்பும் கலந்திருக்கும். 'சித்திரைத் திருவிழாவுக்குப் போலீஸ் கெடுபிடி' என்றால் எழுதியவர் யார் பக்கம் என்று தெரிந்துவிடும்.

சரி, இலக்கணம்.

இது பெயராகவும் வரும், வினையாகவும் வரும். இரண்டையும் குழப்புவதுதான் நம் ஊரில் நடக்கும் முதல் தவறு. பெயராக வந்தால் அதற்குப் பின் 'ஆன்' வரும்: 'எ கர்ப் ஆன் ஸ்பெண்டிங்'. வினையாக வந்தால் எதுவும் வராது, நேரே செயப்படுபொருள்தான்: 'வி மஸ்ட் கர்ப் ஸ்பெண்டிங்'. 'வி மஸ்ட் கர்ப் ஆன் ஸ்பெண்டிங்' என்பது பிழை. 'டிஸ்கஸ் அபவுட்' என்று சொல்லும் அதே பழக்கம் இங்கேயும் கை நீட்டுகிறது. பிழை கண்டுபிடிக்கும் கேள்வியில் இதை வைக்க வாய்ப்பு உண்டு.

இரண்டாவது, ஆளைக் 'கர்ப்' செய்வதில்லை. 'தி போலீஸ் கர்ப்டு ஹிம் ஃப்ரம் என்டரிங்' என்று எழுதாதீர்கள். ஆளைத் தடுப்பதற்கு ரெஸ்ட்ரெய்ன், ஸ்டாப், ப்ரிவென்ட் எல்லாம் இருக்கின்றன. ஆளின் கோபத்தை, ஆளின் நாக்கை, ஆளின் அதிகாரத்தைக் 'கர்ப்' செய்யலாம். ஓடுவது அதுதானே.

மூன்றாவது, அளவு. இந்திய ஆங்கிலத்தில் 'கர்ப் தி மெனஸ்' என்று ஒரு தொடர் சக்கைப்போடு போடுகிறது. தெருநாய்த் தொல்லை, கொசுத் தொல்லை, ராகிங் தொல்லை எல்லாவற்றுக்கும் இதுதான். எழுதுபவர் மனத்தில் இருப்பது 'ஒழிக்க வேண்டும்' என்பது. எழுதியதோ 'கொஞ்சம் குறைத்துக்கொள்ளட்டும்' என்ற பொருளில் நிற்கிறது. ராகிங்கை ஏன் மட்டுப்படுத்த வேண்டும்? ஒழிக்கத்தானே வேண்டும். தேர்வில் இது பிழை என்று வராது, அவ்வளவு தூரம் பழகிவிட்டது. நீங்களாக எழுதும்போது யோசித்துப் போடுங்கள்.

இதன் கூடவே வரும் வினைகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். இறுக்குவது, தளர்த்துவது, நீக்குவது: 'டைட்டன்', 'ஈஸ்', 'லிஃப்ட்'. முதல் இரண்டும் சங்கிலிக்குச் செய்கிற வேலைகள்தான், அப்படியே அரசாணைக்கு வந்துவிட்டன. கொரோனா காலத்தில் தமிழில் 'தளர்வுகள்' என்று தினமும் கேட்டோமே, அதே உருவகம் நம்மிடமும் எவ்வளவு இயல்பாக ஒட்டிக்கொண்டது பாருங்கள்.

உங்கள் தேர்வுக்கு ஒரே ஒரு எடுத்துக்காட்டு வைத்துக்கொள்ளச் சொன்னால் 'கர்ப் இன்ஃப்ளேஷன்' என்பதை வைத்துக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கிக்கு 2016 முதல் கொடுக்கப்பட்டிருக்கும் பணவீக்க இலக்கு 4 சதவீதம். கீழே 2 வரை, மேலே 6 வரை போகலாம். பூஜ்யம் என்பது இலக்கே இல்லை. விலைவாசி மெல்ல நடக்க வேண்டும், பாயக்கூடாது. பாய்ந்தால் ரெப்போ வட்டியை, அதாவது மற்ற வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் வட்டியை ஏற்றுவார்கள், வாரை இழுப்பார்கள். அடங்கியதும் இறக்குவார்கள். இந்த வினைச்சொல்லுக்கு இதைவிடக் கச்சிதமாகப் பொருந்தும் செயப்படுபொருள் எனக்குத் தெரிந்து இல்லை.

இப்போது இதன் பங்காளிகள்.

'ரெஸ்ட்ரெய்ன்' என்பதற்கு லத்தீனில் இழுத்துக் கட்டுவது என்று பொருள். அதில் ஒரு உடல் வலு இருக்கிறது. திமிறுபவரை நாலு பேர் பிடித்துக்கொண்டால் அது ரெஸ்ட்ரெய்ன். காரின் ஸ்டியரிங் நடுவில் எஸ்.ஆர்.எஸ். என்று போட்டிருப்பார்கள், அதில் நடு எழுத்து இந்த 'ரெஸ்ட்ரெய்ன்ட்'தான். மோதும்போது நம்மை முன்னால் பறக்காமல் பிடித்து வைக்கும் ஏற்பாடு. சட்டத்திலும் உண்டு. நீங்கள் போக உரிமையுள்ள திசையில் போகவிடாமல் ஒருவர் வழியை மறித்தால் அது 'ராங்ஃபுல் ரெஸ்ட்ரெய்ன்ட்'. பழைய தண்டனைச் சட்டத்தில் 341-ஆவது பிரிவின் கீழ் தண்டனை. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 126. எந்தப் பக்கமும் போக முடியாமல் அடைத்து வைத்தால் அது 'கன்ஃபைன்மென்ட்', வேறு குற்றம். ஒரு பாதையை மறிப்பதற்கும் நாலு பக்கமும் அடைப்பதற்கும் சட்டம் எவ்வளவு கவனமாக வேறுபாடு வைத்திருக்கிறது பாருங்கள். தன்னைத்தானே அடக்கிக்கொள்ளும் குணத்துக்கும் 'ரெஸ்ட்ரெய்ன்ட்' என்றே பெயர். எதிராளி கத்தினாலும் பதிலுக்குக் கத்தாமல் இருந்தார் என்றால் அவர் அதைக் காட்டினார் என்பார்கள். 'கர்ப்' இப்படி ஒரு குணத்துக்குப் பெயராக வராது.

'ரிஃப்ரெயின்' உச்சரிப்பில் பக்கத்தில் இருந்தாலும் வேறு. அதுவும் குதிரைதான், லத்தீனில் 'ஃப்ரேனும்' என்றால் கடிவாளம். ஆனால் இதற்குச் செயப்படுபொருள் கிடையாது. 'ரிஃப்ரெயின் ஃப்ரம் ஸ்மோக்கிங்' என்றுதான் வரும். தானாக விலகி நிற்பது, செய்யவே செய்யாமல் இருப்பது. தமிழில் 'தவிர்க்கவும்'. பாட்டில் திரும்பத் திரும்ப வரும் வரிக்கும் 'ரிஃப்ரெயின்' என்பார்கள். அது எழுத்தில் ஒன்று, பிறப்பில் வேறு, உடைப்பது என்ற வேரிலிருந்து வந்தது.

'செக்' சதுரங்கத்திலிருந்து வந்தது. பாரசீகத்தில் ஷா என்றால் ராஜா. ராஜாவுக்கு ஆபத்து என்று சொன்ன சொல் தேய்ந்து, ஒரு நகர்வை மறிப்பது என்று ஆனது. இதற்கு நம்மிடம் நல்ல உதாரணம் இருக்கிறது: 'செக் டேம்', தடுப்பணை. ஏ.வி. பாலத்துக்குப் பக்கத்தில் வைகையில் கட்டியிருப்பதைப் போய்ப் பாருங்கள். பெயரில் 'தடுப்பு' இருந்தாலும் தண்ணீர் மேலே வழிந்து போய்க்கொண்டுதான் இருக்கும். கொஞ்ச நேரம் நின்று, நிலத்துக்குள் இறங்கி, மிச்சம் போகட்டும் என்பதுதான் நோக்கம். அந்த வகையில் 'செக்'கும் 'கர்ப்'பும் நெருங்கிய உறவு. 'கன்ட்ரோல்' எல்லாவற்றையும் விடப் பொதுவான சொல். கூட்டவும் குறைக்கவும் இரண்டுக்கும் ஆகும். 'கர்ப்' குறைக்க மட்டும்தான். ஃபேன் ரெகுலேட்டரில் வேகத்தை ஏற்றினாலும் இறக்கினாலும் கன்ட்ரோல், ஐந்திலிருந்து மூன்றுக்கு வந்தால் மட்டும் கர்ப். 'ரெயின் இன்' என்றால் வாரைப் பிடித்து இழுப்பது, ஏற்கெனவே பாய்ந்துவிட்டதைத் திரும்பக் கைக்குள் கொண்டுவருவது.

தமிழில் இதற்கு நேராக என்ன சொல்லலாம் என்பதில்தான் சுவாரசியம் இருக்கிறது. 'கடிவாளம் போடு' என்று எழுதுவது பத்திரிகை வழக்கம். மோசமில்லை. ஆனால் தமிழில் 'கடிவாளம் கட்டின குதிரை மாதிரி' என்றால் அக்கம்பக்கம் பார்க்காமல் ஒரே நேராகப் போகிறவன் என்றும் ஒரு பொருள் உண்டு. அது உண்மையில் கண் பக்கத்தில் கட்டும் பட்டையின் வேலை, பழி கடிவாளத்தின் மேல் விழுந்துவிட்டது. குதிரை நம் ஊர் மொழிக்குள் அவ்வளவு ஆழமாக இறங்கவில்லை என்று நினைக்கிறேன். அழகர் தங்கக் குதிரையில் வைகைக்கு வருகிறார், அய்யனார் கோயில்களில் மண் புரவிகள் வரிசை கட்டி நிற்கின்றன, பாண்டியர்கள் கடல்வழியாக ஏராளமாகக் குதிரை வாங்கினார்கள். மார்க்கோ போலோ அதை எழுதிவிட்டு, சரியாகப் பராமரிக்கத் தெரியாமல் அவை செத்துப்போகின்றன என்றும் குறை சொல்லியிருக்கிறார். சாமிக்கும் ராஜாவுக்கும் குதிரை. சம்சாரிக்கு மாடுதான்.

ஆகவே நம் பேச்சில் கட்டுப்பாடு என்றாலே கயிறு. 'மூக்கணாங்கயிறு போடணும்', 'கால்கட்டுப் போட்டாத்தான் அடங்குவான்'. இரண்டாவதற்குக் கல்யாணம் என்று பொருள், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூக்கணாங்கயிறும் தாடைச் சங்கிலி மாதிரியே வேலை செய்வது. உழுகிற மாட்டுக்கும் வண்டி மாட்டுக்கும் போடுவார்கள், நடக்கிற மாட்டைத் திருப்பவும் நிதானப்படுத்தவும். தை மாதம் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூரில் வாடிவாசலுக்குள் மாடு வந்ததும் செய்கிற காரியம் அந்தக் கயிற்றை அறுப்பதுதான். அறுத்துவிட்டால் அது இனி யார் கைக்கும் கட்டுப்பட்டதில்லை. ஆங்கில ஏடுகள் இதை 'புல் டேமிங்' என்று எழுதுகின்றன. எனக்கு அதில் சம்மதமில்லை. பழக்கி அடக்குகிற வேலை அங்கே நடப்பதில்லை. திமிலைப் பிடித்து மூன்று துள்ளல் தாங்கினால் பரிசு, அப்புறம் மாடு போய்க்கொண்டே இருக்கும். நம் ஊர்க்காரர்கள் மாடு பிடிப்பது, மாடு அணைவது என்கிறார்கள். அணைவது என்ற சொல்லை ஆங்கிலத்தில் எப்படிக் கொண்டுபோவது என்று இருபது வருடமாக யோசிக்கிறேன்.

குதிரை, மாடு இரண்டையும் விட்டு யானையைப் பிடித்தவர் வள்ளுவர். 24-ஆம் குறளில் ஐம்புலனையும் காப்பதற்கு 'உரன் என்னும் தோட்டி' வேண்டும் என்கிறார். தோட்டி என்றால் அங்குசம். ஐந்து புலன்களும் ஐந்து யானைகள். யானையை ஒழித்துக்கட்டு என்று அவர் சொல்லவில்லை, காக்கச் சொல்கிறார். 'கர்ப்' என்ற சொல்லின் உள்ளே இருக்கும் எண்ணம் அங்கே அப்படியே இருக்கிறது, விலங்கு மட்டும் வேறு.

'அடக்கு' என்பதையும் சொல்லிவிட வேண்டும். அடக்கம் என்றால் பணிவு, அடக்கம் என்றால் பிணத்தைப் புதைப்பது, அடக்க விலை என்றால் வியாபாரிக்குச் சரக்கு வந்து விழுந்த விலை, 'வரியும் இதில் அடக்கம்' என்றால் உட்பட்டது. எல்லாவற்றிலும் உள்ளே வைப்பது என்ற ஒரே எண்ணம். ஆங்கிலத்தில் இதற்கு ஜோடி 'கன்டெய்ன்'. 'அடக்கு' என்பதை 'கர்ப்'புக்குப் போடலாம், ஆனால் தமிழில் அது கொஞ்சம் முரட்டுச் சொல். கலகத்தை அடக்கினார்கள் என்றால் ஒடுக்கினார்கள் என்றுதான் காதில் விழும். கோபத்துக்கும் அழுகைக்கும் 'அடக்கு', செலவுக்குக் 'குறை' அல்லது 'மட்டுப்படுத்து', அதிகாரத்துக்குக் 'கட்டுப்படுத்து' என்று இடம் பார்த்துப் போடுவதுதான் நல்லது. சர்க்கரை இருப்பவரிடம் டாக்டர் இனிப்புப் பசியைக் 'கர்ப்' செய்யச் சொன்னால், விளக்குத்தூண் பக்கம் போனாலும் ஜிகர்தண்டாவில் பாதி கிளாஸோடு நிறுத்து என்று பொருள். முழுக்க விடச் சொல்வதற்கு அவரிடம் வேறு சொல் இருக்கிறது.

இனி ஓரக்கல். வளைவு என்ற அதே வேரிலிருந்து, ஒன்றைச் சுற்றி வளைத்துக் கட்டும் சட்டத்துக்கும் 'கர்ப்' என்று பெயர் வந்தது. கிணற்றின் வாயைச் சுற்றியிருக்கும் கட்டு, பூப்பாத்தியின் விளிம்பு, 18-ஆம் நூற்றாண்டில் நடைபாதையின் விளிம்புக் கல். பிரிட்டனில் இந்தக் கல்லுக்கும் அதிலிருந்து கிளைத்தவற்றுக்கும் மட்டும் கே-இ-ஆர்-பி என்று எழுத்தை மாற்றிக்கொண்டார்கள், மற்ற எல்லாவற்றுக்கும் சி-யு-ஆர்-பி. அமெரிக்காவில் எல்லாமே சி-யு. இந்தியாவில் இரண்டும் கலந்து ஓடுகிறது. நீங்கள் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: கட்டுப்படுத்துவது என்ற பொருளில் ஒருபோதும் கே வராது. நம் தெருக்களில் கறுப்பு வெள்ளை பூசி வைக்கும் அந்தக் கல்லை யாரும் ஓரக்கல் என்று சொல்லிக் கேட்டதில்லை, 'பிளாட்பாரக் கல்' என்பார்கள். வண்டி ஏறக்கூடாது என்று வைத்த கல்லின் மேல் ஸ்கூட்டரைச் சாய்த்து ஏற்றி நிறுத்துவது தனிக் கலை.

இந்த இடத்தில் தமிழுக்கு ஒரு நல்ல ஜோடி உண்டு. சோழவந்தான் பக்கம் வயல்களைப் பார்த்திருப்பீர்கள். வயலின் விளிம்பு வரப்பு. எழுத்தில் அதே சொல் வரம்பு. 'வரம்பு மீறாதே' என்று திட்டும்போது நாம் ஒரு வயலின் விளிம்பைத்தான் காட்டுகிறோம். வரப்பு தண்ணீரை வேண்டாம் என்று ஒதுக்குவதற்கு இல்லை, வயலுக்குள் வேண்டிய அளவு நிறுத்துவதற்கு. மிஞ்சியதை மடை வழியாக விடுவார்கள். விளிம்பும் கட்டுப்பாடும் ஒரே சொல்லில் இருப்பது ஆங்கிலத்தில் மட்டும் நடந்த விசித்திரம் இல்லையம்மா. அவர்கள் குதிரைத் தாடையிலிருந்தும் கல்லிலிருந்தும் இரண்டு பக்கமாக வந்து சேர்ந்தார்கள். நமக்கு வயல் ஒன்றே போதுமாக இருந்தது.

ஓரக்கல்லிலிருந்து கிளைத்தவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 'கர்ப் வெயிட்': சாலையோரம் ஓட்டத் தயாராக நிற்கும் வண்டியின் எடை. ஆயில், கூலன்ட், பேட்டரி, பெட்ரோல் எல்லாம் உண்டு, ஆளும் சுமையும் கிடையாது. பெட்ரோல் லிட்டருக்கு முக்கால் கிலோவுக்குக் கிட்ட இருக்கும். பத்து லிட்டர் டேங்க் என்றால் ஏழு, ஏழரை கிலோ அதிலேயே போய்விடும். பெட்ரோல் சேர்க்காத 'டிரை வெயிட்'டோடு ஒப்பிட்டு இந்த வண்டி கனம் என்று உங்கள் அண்ணன் முடிவு செய்துவிட வேண்டாம். நியூயார்க்கில் 'கர்ப் யுவர் டாக்' என்று பலகை வைத்திருப்பார்கள். நாயை அதட்டி வை என்று நாம் படிப்போம். நாயை அதன் வேலைக்கு நடைபாதையை விட்டுச் சாலை ஓரத்துக்குக் கூட்டிப்போ என்று அர்த்தம். பேச்சில் ஒருவரை 'கர்ப்'புக்கு உதைத்தார்கள் என்றால் கழற்றிவிட்டார்கள்.

வங்கித் தேர்வு என்பதால் இன்னொன்று. 'கர்ப் டிரேடிங்' என்றால் பங்குச் சந்தைக்கு வெளியே, நேரம் முடிந்த பின் அதிகாரப்பூர்வமில்லாமல் நடக்கும் வியாபாரம். நியூயார்க்கில் தரகர்கள் உண்மையாகவே தெருவோரத்தில் நின்று பங்கு விற்றார்கள். 1921-இல்தான் கட்டடத்துக்குள் போனார்கள். போன பிறகும் நெடுநாள் பெயரில் 'கர்ப்' இருந்தது, 1953-இல்தான் அமெரிக்கன் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் என்று மாற்றினார்கள். கட்டுப்பாட்டைக் குறிக்கும் சொல்லே கட்டுப்பாட்டுக்கு வெளியே நடப்பதற்கும் பெயரானது பாருங்கள்.

தேர்வில் ஒத்த சொல் கேட்டால் ரெஸ்ட்ரெய்ன், செக், பிரைடில். எதிர்ச்சொல்லுக்கு அன்லீஷ், என்கரேஜ், ஃபாஸ்டர் ஆகியவற்றில் ஒன்று இருக்கும். 'ஸ்டாப்' விருப்பத்தில் இருந்தால் அவசரப்பட்டுத் தொடாதீர்கள், பக்கத்தில் 'ரெஸ்ட்ரெய்ன்' இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

விரிவாக எழுதும் தாள் இருந்தால் கடைசி எழுத்தைத் திருப்பிப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பி-க்கு டி விழுந்தால் தயிர் ஆகிவிடும். என்னிடம் டியூஷன் படித்த ஒரு பையன், பட்டாசு பற்றிய கட்டுரையில் அரசு கடுமையான தயிரை அறிவித்திருப்பதாக மூன்று இடத்தில் எழுதியிருந்தான். என் தலைப்பை விட அது பரவாயில்லை என்று சொல்லி மதிப்பெண் போட்டேன்.